கைக்குழந்தையின் கடவுச்சீட்டு

நமது பங்கு இல்லத்து அலமாரியில் தோலுறையிட்ட திருமுழுக்குப் பதிவேடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முற்காலத்தில் திருமணம் நிச்சயமான வீட்டார்தாம் அவற்றைத் தேடி வருவர். பிற்காலத்தில் பள்ளிச் சேர்க்கைக்காக வந்தனர். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கதவைத் தட்டுவோரில் பெரும்பாலோர் கடவுச்சீட்டின் பொருட்டு வருகின்றனர். அதிலும் ஒரு புதுமை உண்டு. கேட்பவர் ஊரில் இருப்பதில்லை. துபாயிலோ, தோகாவிலோ, மஸ்கட்டிலோ இருந்து தொலைபேசியில் குரல் மட்டும் வரும். கையில் பிறந்து சில நாளே ஆன குழந்தை அழும் ஒலியும் உடன் வரும்.

2011ஆம் ஆண்டில் அத்தகைய அழைப்பொன்று வந்தது. அமீரக நகரொன்றில் பற்றவைப்புத் தொழிலாளியாக இருந்த நம் பங்கு இளைஞர் அழைத்திருந்தார். 2009இல் நமது ஆலயத்திலேயே அவருக்கு மணம் முடித்து வைத்திருந்தோம். ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஆனால் அதற்குக் கடவுச்சீட்டுப் பெற இயலவில்லை. தந்தையின் கடவுச்சீட்டில் அந்தோணி என்னும் பெயர் ஆங்கிலத்தில் 'எச்' எழுத்துடன் எழுதப்பட்டிருந்தது. திருமணச் சான்றிதழில் அந்த 'எச்' இல்லை. அந்தச் சான்றிதழுக்கு மூலமான பதிவை எழுதியவர் நாமே.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர்த் திரும்புவோம். ஒரே ஓர் எழுத்துக்காகக் கடலுக்கு அப்பால் ஒரு பச்சிளங்குழந்தை தடுத்து வைக்கப்படும் நிலை எவ்வாறு தோன்றியது என்னும் கேள்வி அன்று நம்மைப் பற்றிக்கொண்டது. தேடிப் படித்தவற்றுள் சிலவற்றை வாசகர்முன் வைக்க விழைகின்றோம்.

வேற்று நாட்டில் வாழும் குடிமகன் தன் குழந்தைக்கு ஆவணம் தேடி அலைவது இந்நூற்றாண்டின் துன்பம் மட்டுமன்று. எருசலேமில் சாட்டையடிக்காகப் புனித பவுலைக் கட்டியபோது, தாம் உரோமைக் குடிமகன் என்று அவர் அறிவித்ததைத் திருத்தூதர் பணிகள் 22ஆம் அதிகாரத்தில் படிக்கின்றோம். ஆயிரத்தவர் தலைவன் தான் பெருந்தொகை கொடுத்து அவ்வுரிமையைப் பெற்றதாகக் கூற, பவுலோ தாம் பிறப்பிலேயே அவ்வுரிமை பெற்றவர் என்கின்றார். மறையுரைகளில் இப்பகுதியைப் பலமுறை விளக்கியிருக்கின்றோம். ஆயினும், தார்சு நகரில் பிறந்த ஒருவர் உரோமைக் குடிமகன் என்பதற்கு எதைக் காட்டியிருப்பார் என்று அந்நாள்வரை நாம் சிந்தித்ததில்லை.

அதற்கும் ஒரு முறை இருந்தது. பேரரசர் அகுஸ்து காலத்துச் சட்டங்கள், கி.பி. 4, கி.பி. 9 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்டவை, குடிமக்கள் தம் குழந்தைகளின் பிறப்பை முப்பது நாள்களுக்குள் அரசு அலுவலர் முன் அறிவிக்க வழி செய்தன. மாநிலங்களில் வாழ்ந்தோர் ஆளுநரின் அலுவலகத்தில் அறிவித்தனர். அறிவிப்பின் படியை மெழுகு பூசிய இரட்டை மரப்பலகைகளில் எழுதி, ஏழு சாட்சிகளின் பெயர் பொறித்து, முத்திரையிட்டுப் பெற்றோரிடம் தந்தனர். எகிப்தின் வறண்ட மண் அத்தகைய பலகைகள் சிலவற்றை நமக்காகக் காத்து வைத்திருக்கின்றது. உள்ளங்கையில் அடங்கும் அம்மரப்பலகையே அக்காலத்துக் குழந்தையின் கடவுச்சீட்டு என்றால் மிகையாகாது.

அப்பலகைகளிலும் கண்ணீர் இருந்தது. உரோமைப் படைவீரர்கள் பணிக்காலத்தில் சட்டப்படி மணம் புரிய அனுமதிக்கப்படவில்லை. முகாமுக்கு அருகே குடும்பம் இருந்தாலும் அது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத குடும்பம். அவர்களின் பிள்ளைகளை அரசுப் பதிவேட்டில் எழுத முடியாது. ஆகவே தந்தையர் சாட்சிகளைக் கூட்டி, 'இவன் என் மகன். சட்டம் தடுத்தமையால் பதிய இயலவில்லை' என்னும் கருத்துப்பட ஒரு தனி உறுதிமொழியை எழுதி வைத்தனர். என்றேனும் ஒரு நாள் அது பயன்படும் என்னும் நம்பிக்கை அவர்களுக்கு.

உரோமைப் பேரரசு வீழ்ந்தபின் பிறப்பைப் பதியும் பழக்கம் மேலை நாடுகளில் பெரிதும் மறைந்தது. அதனை மீட்டெடுத்ததில் திருச்சபைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அதன் நோக்கம் வேறு. 1563ஆம் ஆண்டு நவம்பரில் கூடிய திரிதெந்துப் பொதுச்சங்கத்தின் 24ஆம் அமர்வு, திருமணங்களையும் திருமுழுக்கில் ஞானப்பெற்றோராக நின்றவர்களின் பெயர்களையும் ஏட்டில் எழுதுமாறு பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. ஞான உறவு திருமணத்திற்குத் தடையாக இருந்த காலம் அது. யார் யாருக்கு உறவு என்பதை அறியவே அந்த ஏடு. 1614இல் வெளிவந்த உரோமைத் திருச்சடங்கு நூல் பதிவேடுகளை எழுதும் முறையை வகுத்துத் தந்தது. பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் மட்டும் 1539லேயே வேறொரு பயனைக் கண்டுகொண்டார்: ஒருவரின் வயதை மெய்ப்பிக்கத் திருமுழுக்கு ஏடு சான்றாகும் என்று ஆணையிட்டார். அன்று தொடங்கிப் பங்குக் குரு தம்மையறியாமலே அரசின் எழுத்தருமானார். நாம் அமர்ந்து எழுதும் மேசைக்கு இத்தனை நீண்ட நிழல் உண்டு என்பதை நம் குருமடத்தில் எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. திருச்சபைச் சட்ட வகுப்பில் பதிவேடுகள் பற்றிய பாடம் மதிய உணவுக்குப் பிந்திய வேளையில் வரும். அரைத் தூக்கத்தில் கேட்டு முடித்தோம்.

கடவுச்சீட்டின் வரலாற்றை விரிவாக எழுதின் நூலாகும். மன்னர்கள் வழங்கிய பாதுகாப்பு மடல்கள் பழமையானவை. இங்கிலாந்தில் 1414ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவற்றைக் குறிப்பிடுகின்றது. எனினும் சாதாரண மக்களை அது தொட்டதில்லை. 1914இல் மூண்ட முதல் உலகப் போர்தான் உலகெங்கும் எல்லைகளில் வாயில்களை எழுப்பியது. இந்தியாவிலும் போர்க்காலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாட்டை விட்டுச் செல்வோர்க்குக் கடவுச்சீட்டுக் கட்டாயமாக்கப்பட்டது. போர் முடிந்தது, கட்டாயம் முடியவில்லை. 1920இல் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பாரிசில் நாடுகளின் சங்கம் கூட்டிய மாநாடு, 32 பக்கங்கள் கொண்ட சிறு புத்தகமாக அனைத்து நாட்டுக் கடவுச்சீட்டும் அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அச்சிறு புத்தகத்தில் குழந்தைக்கு எந்த இடம் கிடைத்தது? நம் பங்கில் ஒரு வணிகக் குடும்பத்தார், நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்குப் போய்வந்த தம் பாட்டனாரின் பழைய பிரிட்டிஷ் இந்தியக் கடவுச்சீட்டை நமக்குக் காட்டியிருக்கின்றனர். கணவரின் படம், அருகில் மனைவிக்கு ஓரிடம், கீழே 'பிள்ளைகள்' என்னும் தலைப்பில் பெயர், பிறந்த நாள், ஆணா பெண்ணா என்னும் மூன்று கட்டங்கள். குழந்தைக்குப் படமில்லை, ஒப்பமில்லை, எண்ணுமில்லை. தந்தை போகுமிடத்திற்கு அது போகும். தந்தை அக்கரையில் இறந்துபோனால், அவருடைய புத்தகத்தோடு சேர்த்துப் பிள்ளைகளின் வழியும் அடைபட்டது. தாய் புதிதாக விண்ணப்பம் எழுதித் தம் பெயரில் ஒரு புத்தகம் பெற்று, அதில் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெண், அயல்நாட்டில், கைம்மையின் முதல் வாரத்தில் எழுதும் விண்ணப்பம் எப்படியிருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

பிள்ளைகளைப் பெயரின்றி எண்ணிக்கையாக மட்டும் கண்ட ஆவணம் ஒன்றுண்டு. அதை எழுதாமல் இப்பொருளைக் கடந்து செல்ல நம் மனம் ஒப்பவில்லை. இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ் மக்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் ஒரே வீச்சில் நாடற்றோராயினர். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1964 அக்டோபர் 30ஆம் நாள், திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் திரு. லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாடு செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த எஞ்சியோரையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். இவற்றையெல்லாம் பலரும் எழுதிவிட்டனர். நம்மை வருத்தியது அதிலுள்ள ஒரு சொற்றொடர். அத்தனை பேரும் அவர்தம் 'இயற்கைப் பெருக்கமும்' என்று அந்த உடன்பாடு குறித்தது. உடன்பாட்டிற்குப் பின் லயத்து அறைகளில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் சட்டம் சூட்டிய பெயர் அதுதான்.

கண்டியிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம் அம்மக்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கியது. இந்தியாவைக் கண்ணாலும் காணாத பெற்றோர், இந்தியாவைக் கண்ணாலும் காணாத குழந்தைக்காக, இந்தியக் கடவுச்சீட்டுக் கேட்டு வரிசையில் நின்றனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். 1983 வன்செயலுக்குப் பின் கப்பல் போக்குவரத்து நின்றதும், கடவுச்சீட்டுக் கிடைத்தும் கடக்க முடியாதோர் அங்கேயே தங்கினர். அவர்தம் பிள்ளைகளுள் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே இறுதியாக ஒரு நாட்டைத் தந்தது. 1948க்கும் 2003க்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள்! விவிலியத்தில் இசுரயேலர் பாலைவனத்தில் அலைந்தது நாற்பது ஆண்டுகளே.

இனி நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். விடுதலைக்குப் பின் 1954இல் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, நாகபுரி ஆகிய ஐந்து நகரங்களில் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. எனினும் கடவுச்சீட்டு என்பது அரசு மனமுவந்து தரும் சலுகையாகவே கருதப்பட்டது. சத்வந்த் சிங் சாஹ்னி என்னும் வணிகரிடம் அதைத் திருப்பித் தருமாறு அரசு கேட்க, அவர் உச்ச நீதிமன்றம் ஏறினார். வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையுள் அடங்கும் என்று 1967 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அவ்வாண்டு சூன் 24ஆம் நாள் கடவுச்சீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1978ஆம் ஆண்டு திருமதி மேனகா காந்தி வழக்கில் அந்த உரிமை மேலும் உறுதி பெற்றது. கடவுச்சீட்டின் வரலாறு இங்கே வழக்கறிஞர்களின் வரலாறாக இருக்கின்றது. குழந்தைகள் அதில் இல்லை.

குழந்தைகள் இருப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில். அதன் நான்காம் பிரிவு, இந்தியாவுக்கு வெளியே பிறக்கும் குழந்தை, தந்தை இந்தியக் குடிமகனாயின் இந்தியக் குடிமகனே என்றது. நன்று. தாய்? தாயைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. வெளிநாட்டு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றச் சென்ற நம் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருத்தி அயல்நாட்டவரை மணந்து, அங்கேயே மகவு ஈன்றால், அம்மகவு அவள் நாட்டுக் குழந்தையன்று. கணவர் பாலத்தீனர் போன்ற நாடற்றவராயின் குழந்தைக்கு எந்த நாடும் இல்லை. பத்து மாதம் சுமந்தவள் கையிலுள்ள கடவுச்சீட்டுக்குத் தன் குழந்தையின்மேல் உரிமையில்லை! மரியாவின் மகனை வணங்கும் நாம்கூட இச்சட்டத்தைப் பற்றி ஒரு மறையுரையிலும் வாய் திறந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இக்குறை 37 ஆண்டுகள் நீடித்தது. பெற்றோரில் எவர் ஒருவர் இந்தியக் குடிமகனாயினும் போதும் என்னும் திருத்தம் 1992 டிசம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மறுநாள், டிசம்பர் 11, ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது. பிறந்த உடனே பதியப்படவும், பெயர் பெறவும், நாடு பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கின்றது அவ்வுடன்படிக்கையின் ஏழாம் பிரிவு. திருப்பீடம் அதனை 1990லேயே ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் திருத்தம் பின்னோக்கிச் செல்லவில்லை. 1992 டிசம்பர் 9ஆம் நாள் பிறந்த குழந்தைக்குத் தாய் நாடு தர முடியாது; 11ஆம் நாள் பிறந்ததற்கு முடியும். உலகில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இன்றும் தாய்க்குத் தந்தையோடு சமமான இவ்வுரிமை இல்லை.

அடுத்த மாற்றம் வேறு திசையில் வந்தது. 2003இல் இயற்றப்பட்டு 2004 டிசம்பர் 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை தானாகவே இந்தியக் குடிமகனாவதில்லை. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தல் வேண்டும். தவறினால் நடுவண் அரசின் அனுமதி வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் எழுதித் தரவும் வேண்டும். அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தைக்கு 1868 முதலே அந்நாட்டு அரசியலமைப்பு குடியுரிமை தந்து வந்திருக்கின்றது. ஆகவே அங்குள்ள நம்மவர் எந்தப் புத்தகத்தைக் கையிலெடுப்பது என்று இரவெல்லாம் பேசித் தீர்மானித்தனர். வளைகுடாவில் அவ்வாறான இரவுகள் இல்லை. அங்கே எத்தனை ஆண்டு உழைத்தாலும், எத்தனை பிள்ளை பெற்றாலும், பிறந்த மண் அயலாரின் பிள்ளைக்கு நாடாவதில்லை. இந்தியத் தூதரகத்தின் பதிவேடு ஒன்றே வழி.

நமது இளைஞரின் கதை இங்கேதான் நிகழ்ந்தது. முறை இதுதான்: மருத்துவமனை பிறப்பு அறிவிப்பைத் தரும். அதைக் கொண்டு சுகாதாரத் துறையில் பிறப்புச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்குப் பெற்றோரின் திருமணச் சான்றிதழ், அதுவும் முறைப்படி மெய்யொப்பம் இடப்பட்டது, தேவை. அந்நாட்டில் மணமின்றிப் பிறப்பதைச் சட்டம் அன்று குற்றமாகவே கருதியது. பிறப்புச் சான்றிதழ் வந்த பின்னரே தூதரகப் பதிவு; அதன்பின் கடவுச்சீட்டு; அதன்பின் குழந்தைக்குக் குடியிருப்பு அனுமதி. பிறந்து 120 நாள்களுக்குள் இவை முடிய வேண்டும். தாண்டினால் நாள்தோறும் அபராதம். குழந்தை பால் குடிப்பதையும் உறங்குவதையும் தவிர ஒன்றும் அறியாது. அதன் தலைமாட்டில் நாள் எண்ணப்படுகின்றது.

மெய்யொப்பம் என்னும் அச்சொல்லுக்குள் ஒரு நெடும்பயணம் அடங்கியிருக்கின்றது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின்படி நாம் நடத்தி வைக்கும் திருமணங்களின் படியைப் பதிவாளருக்கு அனுப்புகின்றோம். பதிவாளர் அதைக் கொண்டே சான்றிதழ் தருகின்றார். அது மாநில அரசின் துறைக்கும், நடுவண் வெளியுறவு அமைச்சகத்திற்கும், பின்னர் அந்த அயல்நாட்டின் தூதரகத்திற்கும் சென்று முத்திரை பெற வேண்டும். ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தைய முத்திரை மெய் என்று மட்டுமே சொல்லும். அடியில் இருக்கும் கையெழுத்து பங்குக் குருவினுடையது. அது பிழையாயின் மேலே எத்தனை சிங்க முத்திரை இருந்தென்ன?

பிழை எவ்வாறு நேர்ந்தது? மணமகனின் கடவுச்சீட்டை நாம் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் தமிழில் இருந்த பெயரை நம் பழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதினோம். அவ்வளவே. அந்தோணிக்கு 'எச்' உண்டா, சவேரியாருக்கு முதலெழுத்து 'எக்ஸ்' ஆ 'எஸ்' ஆ, ஆரோக்கியத்தின் நடுவே 'சி' வருமா வராதா என்பவற்றைத் தமிழ்நாட்டில் எந்த இரு கிறித்தவரும் ஒன்றுபோல் எழுதியதில்லை. ஊருக்குள் அதனால் எவர்க்கும் தீங்கு நேர்ந்ததுமில்லை. தீங்கு செய்தது இயந்திரம்.

அது பற்றியும் சிறிது கூற வேண்டும். பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பு 1980இல் இயந்திரம் படிக்கும் கடவுச்சீட்டுக்கு இலக்கணம் வகுத்தது. பக்கத்தின் அடியில் இரு வரிகள். வரிக்கு 44 குறிகள். பெயருக்கு 39 இடங்கள். அவ்விரு வரிகளில் ஒருவர்தாம் அடங்குவர். தந்தையின் புத்தகத்தில் மூன்று கட்டங்களாக இருந்த பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஆளுக்கொரு கடவுச்சீட்டு என்னும் கொள்கை இவ்வாறு வந்தது. பிரிட்டன் 1998 அக்டோபரிலிருந்து பிள்ளைகளைப் பெற்றோரின் கடவுச்சீட்டில் சேர்ப்பதை நிறுத்தியது; ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 சூன் 26க்குப் பின் அத்தகைய பதிவுகள் செல்லாதனவாயின. கையால் எழுதிய கடவுச்சீட்டுகளின் காலம் 2015 நவம்பர் 24ஆம் நாளோடு முடிந்தது. பிள்ளைகளைக் கடத்திச் செல்வதைத் தடுக்க இது உதவியது என்பதையும் நேர்மையுடன் கூற வேண்டும். தன் பெயரில் தனிப் புத்தகம் கொண்ட குழந்தையைப் பெற்றோரில் ஒருவர் மற்றவர் அறியாமல் எல்லை கடத்துவது கடினம். தாய் தந்தை இருவரின் ஒப்பத்தையும் விண்ணப்பத்தில் கேட்பது அதனாலேயே. துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்க்கு அதுவே முட்டுக்கட்டையாயிற்று. 2016 டிசம்பரில் வெளியான விதிகளில், பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் தந்தாலும் போதும் என்று இந்திய அரசு தளர்த்தியது.

ஆனால் அந்த 39 இடங்களும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரிக்கப்பட்டவை. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. அம்முதலெழுத்தை விரித்துக் குடும்பப் பெயரென்று எழுதினால், விமான நிலையத்தில் மகனைத் தந்தையின் பெயரால் அழைக்கின்றனர். விரிக்காமல் விட்டால் பெயர் ஒற்றைச் சொல்லாகின்றது. 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் கொண்டோர்க்கு வருகை அனுமதி இல்லை என்று அறிவித்தபோது நம்மவர் பலர் திகைத்து நின்றனர். கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. பெயரும் முதலெழுத்துமாக வாழ்ந்த ஓரினம், வேற்றினத்தாரின் கட்டங்களுக்குள் தன்னை அடைத்துக்கொள்ளப் படும் பாடு இது.

திருத்தத்தைத் தொடங்கினோம். திருமணப் பதிவேட்டின் மூல வரியை அழித்தல் ஆகாது. ஓரத்தில் சரியான பெயரை எழுதி, இரு சாட்சிகளின் முன் ஒப்பமிட்டோம். பதிவாளர் அலுவலகம், சென்னை, தில்லி என்று தாள்கள் மீண்டும் பயணம் புறப்பட்டன. இதற்கிடையே அந்த இளைஞரின் தாயார் நம் பங்கிலேயே புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். பேரனைக் கண்டுவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்பது அவர் விருப்பம். நோயில்பூசுதல் அளிக்கச் சென்றபோது, "சாமி, பிள்ளைக்குப் பாசுபோட்டு வந்திருச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். பிழை நம்முடையது என்பது அவருக்குத் தெரியுமா என்று நாம் இன்றுவரை அறியோம். மகன் தெரிவித்திருக்கக்கூடும். கேட்டபோது அவர் முகத்தில் வருத்தமில்லை.

விண்ணப்பத்திற்காக எடுத்த படங்களில் ஒன்றை மகன் அனுப்பியிருந்தார். கைக்குழந்தைக்கும் விதி ஒன்றே: வெள்ளைப் பின்னணி வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், தாங்கிப் பிடிக்கும் கை தெரியலாகாது. வெள்ளைத் துணிமேல் கிடத்திப் பலமுறை முயன்று எடுத்த படமாம். கடையில் கொடுத்து அதன் படியெடுத்து மூதாட்டியிடம் கொடுத்தோம். நெற்றியில் சிலுவை வரைந்து விடைபெற்றோம்.

பதினொரு நாள்களுக்குப் பின் அவர் இறந்தார். மகன் தனியே வந்து அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார். நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடக்கத்திற்கான காணிக்கையை மேசைமேல் வைத்துச் சென்றார். கடவுச்சீட்டு அடுத்த மாதம் வந்தது. கையெழுத்துக்குப் பதிலாக அதில் குழந்தையின் இடக்கைப் பெருவிரல் ரேகை இருந்தது. அன்று முதல், திருமணத்திற்குப் பதிய வருவோரிடம் கடவுச்சீட்டு இருப்பின் அதையும் கொண்டு வருமாறு கூறி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே எழுதுகின்றோம். சிலர் நம்மைப் பொழுதுபோகாத மனிதர் என்கின்றனர்.

சிறுவர்க்கு வழங்கப்படும் கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளே செல்லும். 2024 கோடை விடுமுறையில் அச்சிறுவன் தன் மூன்றாவது கடவுச்சீட்டோடு ஊருக்கு வந்தான். உறுதிபூசுதலுக்கு முன்னேற்பாடாகத் திருமுழுக்குச் சான்று தேவைப்பட்டது. அவன் தந்தை வெளியே யாருடனோ பேசிக்கொண்டிருக்க, அவன் நம் மேசையருகே நின்றான். அவன் கேட்டதற்கிணங்கப் பெற்றோரின் திருமணப் பதிவேட்டையும் எடுத்துக் காட்டினோம். ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிய திருத்தத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். அப்பக்கத்தில் ஒரு சிறு புகைப்படம் செருகியிருந்தது. பாட்டியின் தலையணைக்கடியில் கிடைத்ததென்று அவன் அத்தை நம்மிடம் ஒப்படைத்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்கே வைத்திருந்தோம். ஓரம் மடங்கிய அப்படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன், "இது யார், ஃபாதர்?" என்று கேட்டான்.